மேலே என்றால் மேற்கு

திசை விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விழுப்புரம் ஜங்ஷனில் எந்தப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டாலும் வடக்கு எது என்று கை காட்டிவிடுவேன். செல்போன் தப்பாகச் சொன்னாலும் மேடம் தப்பாகச் சொல்ல மாட்டார் என்று என் மாணவிகள் பந்தயம் கட்டுகிறார்கள். இது பிறவியிலேயே வந்த வரம் என்று அவர்களுக்கு நினைப்பு. பிறவியில் எனக்கு வந்தது வாய் மட்டும்தான். திசை ஏழாம் வகுப்பில் வந்தது, அதுவும் ஒரு முட்டை வாங்கிய பிறகு.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் பழைய வரைபடங்களின் நகல்களை மேசைமேல் பரப்பி வைப்பேன். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி பிடித்து அளந்து வரைந்த கிராமப் படங்கள் அவை. பிள்ளைகள் உடனே அவரவர் ஊரைத் தேடுவார்கள். அனந்தபுரத்துப் பெண் ஒருத்தி தன் ஊரைக் கண்டதும் கல்யாண வீடியோவில் தன் முகத்தைப் பார்த்தவள்போலக் கூவினாள். நான் அத்தனை சீக்கிரம் கூவ விடுவதில்லை. இதை வரைந்தவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், யாரைக் கேட்டு எழுதினான் என்று முதலில் சொல், பிறகு ஊரைத் தேடு என்பேன். யாரைக் கேட்டான் என்பதற்குச் சட்டென்று யாரும் பதில் சொன்னதில்லை. அந்த வயதில் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊருக்குத் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ரோட்டில் வந்து, கிளியனூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் எல்லோரையும் சொந்த ஊரை வரைந்து வரச் சொன்னார். நான் பெரிய தாளாக வாங்கி வரைந்தேன். மேலத்தெருவை மேலே போட்டேன், கீழத்தெருவைக் கீழே போட்டேன். பெயரிலேயே இருக்கும்போது இதில் என்ன தப்பு வர முடியும்? மேலத்தெருவுக்கு மேலே ஏரி. ஏரித் தண்ணீர் தாளின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் இறங்கி வரும்படி நீலப் பென்சிலால் ஒரு வாய்க்கால். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

டீச்சர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாளைக் கால் வட்டம் திருப்பினார். “மேப்புல மேல இருக்கிறது வடக்கு. உங்க ஊர்ல மட்டும் சூரியன் கீழேர்ந்து மொளைக்குதா?” என்றார். வகுப்பே சிரித்தது. கீழேயிருந்துதானே முளைக்கிறது, கிழக்கு என்றால் கீழ்தானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முட்டையோடு பிரம்படியும் கிடைத்திருக்கும்.

அந்தத் தாள் இன்றைக்குக் கிடைத்தால் நூற்றுக்கு நூறு போடுவேன். எங்கள் பக்கம் மேற்கே செஞ்சி மலையை நோக்கிப் போனால் மேடு. கிழக்கே மரக்காணம் கடலை நோக்கிப் போனால் பள்ளம். மேட்டை மேல் என்றும் பள்ளத்தைக் கீழ் என்றும் சொன்ன ஜனங்கள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பேர் வைத்தார்கள். வடக்கைத் தலைமேல் தூக்கி வைத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுடைய தேவையும் வேறு. இரண்டும் சரிதான். ஒன்றின் கண்ணால் இன்னொன்றைப் படித்தால்தான் வம்பு. இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எஸ்தர். காலனியிலிருந்து வருகிறவள். அவள் படத்தில் வடக்கு சரியாக இருந்ததால் பத்துக்கு ஏழு வாங்கினாள். அதில் காலனியும் அவர்களுடைய சர்ச்சும் பெரிதாக இருந்தன, எங்கள் தெரு ஒரு கோடாக இருந்தது, எங்கள் வீடு இல்லை. என் படத்தில் காலனியே இல்லை. இதை டீச்சர் கவனிக்கவில்லை. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

காலனி இருந்தது கிழக்கே, பஸ் ரோடு மேற்கே, இரண்டுக்கும் நடுவில் எங்கள் கொல்லை, ஏறக்குறையச் சதுரமாக. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை, அதைத்தான் அதில் போடுவோம். கொல்லையின் வடக்கு ஓரமாக ஒரு பாதை இருந்தது, அதில்தான் ரோட்டுக்குப் போவோம் என்று காலனிக்காரர்கள் சொல்லி வந்தார்கள். அப்படி ஒரு பாதை என்றைக்கும் இருந்ததில்லை என்று எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு சால் தள்ளித் தள்ளி உழுதால் ஒரு பாதை எத்தனை வருஷம் தாங்கும் என்று யோசிக்கிற வயது இல்லை எனக்கு. வீட்டில் சொன்னதை நம்பினேன்.

காலனி ஜனங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போய் வாய்க்கால் கரைமேல் நடந்து ரோட்டைப் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் கரை எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். நாங்கள் படம் வரைந்ததற்கு முந்தைய கார்த்திகையில் எஸ்தரின் அப்பா வயிற்று வலியால் துடிக்க, நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கரையில் ஒருவர் வழுக்க, கட்டிலும் ஆட்களும் வாய்க்காலில் விழுந்தார்கள். “வயித்து வலிக்குப் போனவன் கால்ல மாவுக்கட்டு போட்டுக்கினு வந்தான்” என்று எங்கள் தெருவில் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நாங்கள் படம் வரைந்த அந்த ஆடியில் எஸ்தரின் அம்மா முன்னால் நிற்க, காலனி ஜனங்கள் மனு கொடுத்துவிட்டார்கள். ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை விதைப்பதற்குள் பாதையை விட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விதைத்துவிட்டால் பயிர்மேல் காலை வைக்க முடியாது. அறுவடைக்குள் அடுத்த மழை வந்துவிடும். அந்த மழையில் இன்னொரு கட்டிலைத் தூக்க வேண்டியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் எதற்கும் கலங்காத ஆள் சித்தப்பா, என் அப்பாவின் தம்பி. திண்டிவனத்தில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் வேலை பார்த்தார். காதில் பேனாவும் வாயில் சட்டமுமாகத்தான் வீட்டுக்குள் நுழைவார். அப்பா உழுவார், சித்தப்பா பேசுவார், குடும்பத்தில் வேலையை அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் சிரித்தார். “இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க? பழைய மேப்பு இருக்குது இல்ல, அதுவே பேசட்டும்” என்றார்.

இரண்டே நாளில் எங்கள் கொல்லையின் பழைய படத்துக்கு ஒரு நகல் கொண்டுவந்தார். நாலு பக்கமும் கோடு, கோட்டின்மேல் அளவுகள், மேல் ஓரமாகப் புள்ளி புள்ளியாய் இரட்டைக் கோடு, அதன்மேல் இங்கிலீஷில் ‘பாத்’ என்று ஒரே ஒரு சொல். மேலே வலது மூலையில் மட்டும் ஒரு சின்ன வட்டம். மற்றதெல்லாம் மங்கல். தாளின் தலைப்பக்கத்தில் ஏதோ ஒரு குறி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ஒழுங்காக வைத்து எடுக்கத் தெரியாத ஜெராக்ஸ் கடைக்காரனை மனதுக்குள் திட்டினேன்.

“சனிக்கெழம நீயும் வா. இதுல இருக்கிறத எல்லார் முன்னாலயும் நீதான் படிக்கணும்” என்றார் சித்தப்பா. “நான் படிச்சா, பத்திரம் எழுதுறவன் அவனுக்கு ஏத்த மாதிரி படிச்சிக்கினான்னுவாங்க. கொழந்த பொய் சொல்லாது இல்ல?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. முட்டை வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரார் முன்னால் வரைபடம் படிக்கப் போகிறேன்! வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று சித்தப்பாவுக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் கொல்லையிலேயே கூடினார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில், மோட்டார் கொட்டாய் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவரும் எங்கள் தெருப் பெரியவர்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன வி.ஏ.ஓ., இளைஞர், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா ஓரமாக நின்றார். காலனி ஜனங்கள் எதிரே வரப்பு ஓரமாக நின்றார்கள். இரண்டு நாற்காலி மிச்சம் இருந்தது. யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை, அவர்களும் உட்காரவில்லை. எஸ்தரும் வந்திருந்தாள். நான் கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

சித்தப்பா தாளை விரித்துப் பிடித்தார். “படி பாப்பா.”

“பாத்.”

“பாத்துன்னா?”

“பாதை.”

காலனிப் பக்கம் ஒரு சலசலப்பு. சித்தப்பா பதறவில்லை. கையை உயர்த்தி அமர்த்தினார்.

“பாதை இருக்குது. யாரு இல்லன்னா? எங்க இருக்குதுன்னுதான் பாக்கணும். கோடு எந்தப் பக்கம் இருக்குது, பாப்பா?”

“மேல.”

“கேட்டுக்கினீங்களா? மேல!” என்று எல்லோரையும் பார்த்தார். “மேலத்தெரு எந்தப் பக்கம் இருக்குது? மேற்கால. மேலக்காத்து எங்கேர்ந்து அடிக்குது? மேற்கால. அப்ப மேல இருக்கிற பாதை எங்க இருக்கணும்? கொல்லைக்கு மேற்கால. மேற்கால இன்னா இருக்குது?” ஒரு நொடி நிறுத்தினார். “பஸ் ரோடு! நீங்க கேக்குற பாதை மேலதான்மா நாள் முச்சூடும் பஸ்ஸு போய்க்கினு இருக்குது!”

நாற்காலிகள் குலுங்கின. தலைவர், “அட, ஆமால்ல” என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? மேல் என்றால் மேற்கு என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும்போதே தெரிகிற விஷயம். சர்வேயர் வந்து ஒரு தடவை பார்த்தால் நல்லது என்று வி.ஏ.ஓ. மெல்லச் சொன்னார். “அவரு வர்றதுக்குள்ள பட்டம் போயிடும் சார். மேப்பே சொல்லிட்டப்புறம் அவரு வந்து இன்னா சொல்லப் போறாரு?” என்றார் சித்தப்பா.

எஸ்தரின் அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோஷத்தால் நான் மட்டும் எஸ்தரம்மா என்பேன்.

“இந்த வடக்கால ஓரத்துலதாங்க இருந்துச்சு. கல்யாணம் பண்ணி என்னை இட்டுக்கினு வந்ததே இந்தப் பாதையிலதான்” என்றார்.

“வாயால சொன்னா ஆச்சா? பேப்பர்ல காட்டு” என்று சித்தப்பா தாளை அவரிடம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் தாளை வாங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். வி.ஏ.ஓ. பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது எஸ்தரம்மாமேல் எனக்கு இரக்கம் பொங்கியது, நியாயத்துக்காகத் துடித்தேன் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு வந்தது சந்தோஷம். நான் முட்டை வாங்கிய அதே தப்பை என் சித்தப்பா, திண்டிவனத்தில் வேலை பார்க்கிற என் சித்தப்பா, இத்தனை பேர் முன்னால் செய்கிறார்! உலகத்தில் நான் மட்டும் மக்கு இல்லை என்ற சந்தோஷத்தைவிடப் பெரிய சந்தோஷம் பன்னிரண்டு வயதில் ஏது?

“சித்தப்பா, நானும் இப்படித்தான் போட்டேன்! தப்பு! மேப்புல மேல இருக்கிறது வடக்கு!”

“அது இஸ்கூல் மேப்பு பாப்பா. இது வேற.”

“எல்லா மேப்பும் அப்படித்தான்னு டீச்சர் சொன்னாங்க.”

“சரி, படிச்சது போதும். ஜல்தி வூட்டுக்கு ஓடு.”

தலைவர் குறுக்கிட்டார். “இரு இரு, புள்ள இன்னாதான் சொல்லுதுன்னு பாப்போமே.” அவருக்கு வேடிக்கை. எனக்கு உயிர்ப் பிரச்சினை. என் கண் தாளின் மூலையில் இருந்த வட்டத்தில் விழுந்தது. “இது இன்னா சார்?” என்று வி.ஏ.ஓ.வைக் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்து, “கிணறு” என்றார். சொன்ன பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாளை வாங்கித் தரையில் வைத்தேன். முதலில் சித்தப்பா சொன்னபடி, தலைப்பக்கம் பஸ் ரோட்டைப் பார்க்க. வட்டம் ரோட்டோரத்து மூலையில் போய் விழுந்தது. அங்கே கிணறு இல்லை, இருந்ததும் இல்லை. பிறகு டீச்சர் திருப்பியதுபோலக் கால் வட்டம் திருப்பினேன். வட்டம் நாங்கள் கூடியிருந்த மூலைக்கு வந்தது, கையெட்டும் தூரத்தில் எங்கள் கிணறு. புள்ளிக்கோடு வடக்கு ஓரத்துக்கு வந்தது. காலனி ஜனங்கள் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பாத்தீங்களா!” என்று நிமிர்ந்தேன். “சித்தப்பாவுக்குத் தெரியல. பாவம், அவரு படிச்சப்ப இந்தப் பாடம் இருந்திருக்காது.”

வகுப்பு சிரித்ததுபோல இவர்களும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். அந்த ஊரில் யார் நிலம் கைமாறினாலும், வடக்கே இன்னார் கொல்லை, கிழக்கே வாய்க்கால் என்று நான்கெல்லையும் எழுதிக் கொடுத்தவர் சித்தப்பாதான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. எல்லோர் முன்னாலும் முட்டை வாங்கிவிட்டாரே என்று அவருக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவின் கழுத்து சிவந்து வருவதைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் எஸ்தரம்மா பேசினார்.

“தெரியாமத்தாங்க சொல்லிட்டாரு. மேல கீழன்னா எங்களுக்கே கொழம்புது. தெரியாம சொன்னதுன்னே எழுதிக்கோங்க சார்.”

சித்தப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். அவரும் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு சித்தப்பா பெரிதாகச் சிரித்தார். “ஆனைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க!” என்று தொடையில் தட்டிக்கொண்டார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். பூட்டு திறந்ததுபோல இருந்தது. வி.ஏ.ஓ. எழுதினார். அதுவரை வாயே திறக்காத என் அப்பா, “வடக்கால ஒரு வண்டி போற அளவுக்கு வுட்டுட்டு ஏர் ஓட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் சர்வேயர் வந்து அளந்து, அதே இடத்தில் கல் நட்டார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒன்னை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஒன்னை இட்டுக்கினு போனாரு பாரு, அவரச் சொல்லணும்” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சித்தப்பா தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. தப்பைத் திருத்தினால் வாத்தியாருக்குக்கூடக் கோபம் வரும், இவருக்கு வராதா என்று நானே பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது வேண்டுமென்றே கொல்லை வழியாகப் போனேன். நான் கண்டுபிடித்த பாதையை நான் பார்க்க வேண்டாமா? எஸ்தரம்மா அங்கே இருந்தார். வடக்கு ஓரத்தில் வளர்ந்திருந்த முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தனக்கும் மேல் கீழ் குழம்புகிறது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

“எஸ்தரம்மா, நான் ஒங்களுக்கு மேப்பு சொல்லித் தரட்டா? ரொம்ப ஈசி. ஒரே நாள்ல வந்துடும்.”

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

“எங்களுக்கு ஒண்ணும் கொழம்பல பாப்பா. பாதை எங்க இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருந்தாங்களே, அவங்க எல்லாருக்கும் தெரியும். ஒங்க சித்தப்பாவுக்கும் தெரியும். அது ஒங்க வூட்டு ஆளு வாயிலேர்ந்து வரணும், அவ்ளோதான்.”

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எல்லோருக்கும் முன்பே தெரியும் என்றால் நான் கிணற்றை வைத்துக் கண்டுபிடித்தது என்னத்தை? நான் வாங்கிய முட்டைக்குத்தான் என்ன மரியாதை? உதவி செய்யப் போனவளிடம் இப்படியா பேசுவது என்று கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடே வகுப்புக்குப் போய், பையை வைப்பதற்கு முன்பாகவே எஸ்தரிடம், “ஒங்க அம்மாவுக்கு மேப்புன்னா இன்னான்னே புரியல” என்று சொல்லிவிட்டேன்.